மாடில்டாவின் உபகாரச் சம்பளம்

மாடில்டா அக்கா வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். பத்தாங் பெர்ஜுந்தாய்க்கு வெளியே, தோட்டத்துத் தொழிலாளர் லயங்களை இடித்த பிறகு கட்டிக் கொடுத்த மலிவு விலை வீட்டு வரிசை அது. சுவர் மெல்லியது. அந்தப் பக்கம் யாராவது இருமினால் இந்தப் பக்கம் அம்மா இஞ்சித் தண்ணீர் வேண்டுமா என்று கேட்பார். அக்காவின் கதையில் பாதி அவர் சொல்லி எனக்குத் தெரியும். மீதி சுவர் வழியாக வந்தது.

அக்காவின் அப்பா காப்ரியல் அங்கிள் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். அம்மா வெரோனிக்கா ஆண்ட்டி இடைநிலைப் பள்ளி கேண்டீனில் வேலை செய்கிறார். அக்கா ஒரே பிள்ளை. தமிழ்ப் பள்ளியில் ஆறு வருடம், பிறகு மலாய்ப் பள்ளி. வீட்டில் அதிகம் பேசமாட்டார். ஆனால் பள்ளியின் மலாய் விவாதக் குழுவில் இருந்த ஒரே தமிழ்ப் பெண் அவர்தான். மாவட்டப் போட்டியில் அவர் பேசி முடித்ததும், எதிரணிப் பையன் தன் குறிப்பு அட்டைகளை அடுக்கிப் பைக்குள் போட்டுவிட்டான் என்று எங்கள் ஆசிரியை பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தார். அக்காவுக்கு வழக்கறிஞர் ஆக வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் வந்தது. வேறு எதையும் அவர் விரும்பியதாக எனக்குத் தெரியாது.

பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவத் தேர்வில் அவருக்கு வந்த முடிவு கோல சிலாங்கூர் முழுக்கப் பேசப்பட்டது. அரசுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தார். முதல் தேர்வு சட்டம், இரண்டாவதும் சட்டம். அந்தப் பதில் வர மாதக்கணக்கில் ஆகும். எங்கள் ஊரில் பிள்ளைகள் அந்த இடைவெளியில் தொழிற்சாலைக்குப் போவார்கள், இல்லை பேரங்காடியில் கல்லாவில் நிற்பார்கள். அக்கா புக்கிட் ரோத்தானில் ஒரு துணிக்கடையில் நின்றார்.

அந்த இடைவெளியில்தான் டத்தோ கணேஸ்வரன் வந்தார்.

சுல்தானிடம் டத்தோ பட்டம் வாங்கியவர், ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். கிள்ளானில் இரண்டு மாடிக் கடைவீட்டில் அவருடைய சட்ட அலுவலகம் இருக்கிறது. தோட்டத்து மக்களுக்கான கல்வி மன்றம் ஒன்றுக்குத் தலைவர். கோலாலம்பூரில் ஒரு தனியார் கல்லூரி, அந்த மன்றத்தின் வழியாக வருடத்துக்கு ஒரு பிள்ளைக்கு முழு உபகாரச் சம்பளம் கொடுத்துவந்தது. அந்த வருடத்துப் பிள்ளையைத் தேடி அவரே காரை ஓட்டிக்கொண்டு வந்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார், ஆண்ட்டி கொடுத்த மைலோவை முழுக்கக் குடித்தார். மூன்று வருடப் படிப்புக்கு ஒரு காசு கட்ட வேண்டாம், கிடைப்பது லண்டன் பட்டம், முடித்ததும் நேராகத் தன் அலுவலகத்தில் வேலை என்றார். ஆண்ட்டி அழுதது சுவர் வழியாக எங்களுக்குக் கேட்டது. என் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு அங்கே ஓடினார்.

டத்தோ கொடுத்துவிட்டுப் போன கல்லூரிக் கையேட்டை அன்று சாயங்காலமே அக்கா படித்துவிட்டார். லண்டன் பட்டத்தை முடித்தவர்கள் இங்கே வழக்கறிஞராக இன்னொரு பரீட்சை எழுத வேண்டும். ஐந்து தாள், பாதிக்கு மேற்பட்டோர் விழுகிறார்கள் என்று பேர் வாங்கிய பரீட்சை. அவர் விண்ணப்பித்திருந்த அரசுப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்களுக்கு அது கிடையாது. பட்டம் வாங்கியதும் ஒன்பது மாதம் ஒரு மூத்த வழக்கறிஞரிடம் பயிற்சி, அதற்குச் சேம்பரிங் என்று பெயர், பிறகு நீதிமன்றத்தில் நிற்கலாம். இதை அவர் அப்பாவிடம் சொன்னார்.

"பரீட்சைதானே? நீ எழுதாத பரீட்சையா?" என்றார் அங்கிள். மகளை அவர் நம்பியது அப்படி. இரண்டு படிப்புக்கும் நடுவில் வித்தியாசம் ஒரு பரீட்சைதான் என்றால், பரீட்சையில் ஜெயிக்கிற பிள்ளைக்கு அது வித்தியாசமே இல்லை என்று அவர் கணக்குப் போட்டார்.

சரி, அரசு இடம் கிடைக்காமலும் போகலாம், இதை வாங்கி வைத்துக்கொள்வோம், அது வந்தால் இதை விட்டுவிடலாம் என்று அக்கா நினைத்தார். படித்தவர்கள் அப்படித்தான் நினைப்பார்கள். கல்லூரி கொடுத்த தாளிலும் சேர்ந்த பிறகுகூட ஒரு மாதத்துக்குள் விலகலாம் என்றுதான் போட்டிருந்தது.

ஆனால் இடையில் ஒரு நிகழ்ச்சி வந்தது. கோல சிலாங்கூரில் ஒரு மண்டபம், குத்துவிளக்கு, பள்ளிப் பிள்ளைகளின் நடனம், நாடாளுமன்ற உறுப்பினருக்குப் பதிலாக வந்த ஒருவரின் நீண்ட உரை. கடைசியில் மாதிரிக் காசோலை. கதவளவு அட்டையில் தொகையை எழுதி, ஒரு பக்கம் டத்தோ, ஒரு பக்கம் கல்லூரிக்காரர், நடுவில் அக்கா. மாலை போட்டார்கள். அங்கிளையும் ஆண்ட்டியையும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். அங்கிள் முதல் வரிசையில் இருந்த அத்தனை பேருக்கும் கும்பிடு போட்டபடி ஏறினார். மறுநாள் படம் தமிழ்ப் பத்திரிகையில் வந்தது. 'லோரி ஓட்டுநர் மகள் சட்டம் பயில்கிறார்.' அங்கிள் ஒரு பத்திரிகையைக் கண்ணாடித் தாளில் ஒட்டி லோரியின் முன்பக்கத்தில் வைத்துக்கொண்டார். ஆலையில் எடை போடுகிற பையன்கள், "அங்கிள், இனிமே எங்க மேல கேஸு போட்டுடாதீங்கலா," என்று கிண்டல் செய்தார்களாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

எங்கள் ஆட்களுக்கு, மேடையில் வாங்கியது வாங்கியதுதான். தனியாக ஒருவர் கொடுத்ததைச் சாக்குச் சொல்லித் திருப்பிக் கொடுக்கலாம். ஊர் பார்க்க, மாலை போட்டு, படம் பிடித்துக் கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்தால் கொடுத்தவர் முகத்தில் அடித்த மாதிரி. தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோரிடமும் மேனேஜரிடமும் கை நீட்டி வாங்கியே வளர்ந்தவர்களுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சட்டம் படிக்கப் போகிற பிள்ளைக்குத்தான் இது தெரியவில்லை.

நிகழ்ச்சி முடிந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, அரசுப் பல்கலைக்கழகத்தின் பதில் வந்தது. வடக்கே, கெடாவில். சட்டம்.

அக்கா கைப்பேசியை எடுத்துக்கொண்டு போய் அப்பாவிடம் காட்டினார். அங்கிள் பார்த்துவிட்டு, ரொம்ப நல்லது, டத்தோவிடம் சொல்வோம், அவரும் சந்தோஷப்படுவார் என்றார். இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்பது அவருக்குப் புரியச் சிறிது நேரம் ஆனது. புரிந்ததும் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆண்ட்டிதான் பேசினார். கெடா எவ்வளவு தூரம், பொம்பளப் பிள்ளை, சாப்பாடு எப்படி, ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு எங்கே போவாள், அரசாங்கக் கடன் எடுத்துப் படித்தால் யார் கட்டுவது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அக்கா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். எல்லாப் பதிலும் சரியாக இருந்தது. அந்த மாதிரி நேரத்தில் சரியான பதிலால் என்ன ஆகும்?

டத்தோவைப் பார்க்க அப்பாவும் மகளும் கிள்ளானுக்குப் போனார்கள். இதை அக்கா எனக்குச் சொல்லியிருக்கிறார், ஒரே ஒரு முறை. டத்தோ கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எளிதாக இருந்திருக்கும் என்றார் அக்கா. அங்கிள் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார், தொப்பி மடியில் இருந்தது. டத்தோ முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"போறதுன்னா தாராளமா போம்மா. ஆனா நான் ஒன்னு சொல்லட்டா? கெவர்மெண்ட் யூனிவர்சிட்டி முடிச்சிட்டு வர்ற நம்ம பிள்ளைங்க சேம்பரிங்குக்கு ஆபீஸ் ஆபீஸா ஏறி இறங்குதுங்க. இந்தத் தொழிலுக்கு மார்க்கு போதாது, ஆளு வேணும். உங்கப்பாவுக்கு எந்த லாயரத் தெரியும்? உனக்கு நான் இருக்கேன்."

அது உண்மை. அக்காவுக்கும் தெரியும். எங்கள் ஊரில் சட்டம் படித்த ஒருவர் சேம்பரிங் கிடைக்காமல் காப்புறுதிப் பாலிசி விற்றுக்கொண்டிருந்தார்.

பிறகு டத்தோ இன்னொன்றும் சொன்னார். பெரிய விஷயமாக இல்லாமல், மேசை மேல் இருந்த கோப்பைப் புரட்டிக்கொண்டே சொன்னாராம். இந்த வருடம் கொடுத்த இடத்தை நாம் வேண்டாம் என்று சொன்னால், அடுத்த வருடம் நம் பிள்ளைகளுக்கு அந்தக் கல்லூரி கொடுக்காது. அதை மட்டும் யோசித்துக்கொள்ளச் சொன்னார்.

அங்கிள் எழுந்து, டத்தோவின் நேரத்தைக் கெடுத்ததற்கு மன்னிப்புக் கேட்டார். படிக்கட்டில் இறங்கும்போது மகளைப் பார்க்காமல் சொன்னார்: "நீ ஒருத்தி நல்லா இருந்தா போதுமா?"

அக்கா அதற்குப் பிறகு மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. வேலைக்குப் போனார், வந்தார், தட்டைக் கழுவி வைத்தார். அவர் பிடிவாதம் பிடித்தது அப்படித்தான். கதவைச் சாத்தவில்லை, சாப்பாட்டைத் தள்ளவில்லை, குரலை உயர்த்தவில்லை. விவாத மேடையில் அத்தனை பேசியவருக்கு வீட்டில் வாய் வரவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த எங்களுக்கு அந்த வீடு அமைதியாகிவிட்டது என்றுதான் தோன்றியது. எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது போல என்றார் என் அம்மா. நான்காம் நாள் அக்கா கெடா இடத்தை வேண்டாம் என்று பதிவு செய்தார்.

அக்காவின் வகுப்பில் குமுதா என்று ஒரு பெண். அக்காவைவிடக் குறைந்த மதிப்பெண். முதலில் இடம் கிடைக்கவில்லை, மேல்முறையீடு செய்தார். யாரோ விட்டுப்போன இடம் ஒன்று கிடைத்தது, அதே பல்கலைக்கழகத்தில், அதே சட்டப் படிப்பில். அது நம் பிள்ளையின் இடம்தான் என்று வெரோனிக்கா ஆண்ட்டி பிற்காலத்தில் சொல்லத் தொடங்கினார். அதை யாரும் நிரூபிக்க முடியாது, எத்தனையோ பேர் எத்தனையோ இடத்தை விட்டிருப்பார்கள். அந்தப் பேச்சை யார் எடுத்தாலும் அக்கா எழுந்து போய்விடுவார்.

மறுவருடம் கல்லூரி அந்தத் திட்டத்தை நிறுத்திவிட்டது. நிர்வாகம் கைமாறியதாம். எங்கள் பிள்ளைகள் யாருக்கும் அந்த இடம் பிறகு வரவே இல்லை.

மூன்று வருடமும் அக்கா செரண்டாவில் சித்தி வீட்டில் தங்கிப் படித்தார். சித்தியின் வீட்டில் எல்லாரும் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, எந்த நேரமும் யாராவது ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார். விளக்குப் போட முடியாது. கோலாலம்பூர் போகும் கொம்யூட்டர் ரயிலில்தான் படிப்பு. பெண்கள் பெட்டியில் நின்றுகொண்டே ஒப்பந்தச் சட்டம் முழுவதையும் படித்து முடித்ததாகச் சொல்வார். நல்ல தகுதியில் தேறினார். கல்லூரி ஒரு ஆடம்பர ஹோட்டலில் பட்டமளிப்பு நடத்தியது. கறுப்பு அங்கியும் தொப்பியுமாக எடுத்த படத்தை ஆண்ட்டி கூடத்தில், இயேசுவின் திருஇருதயப் படத்துக்குக் கொஞ்சம் கீழே மாட்டினார்.

அந்தக் கறுப்பு அங்கிதான் ஊரைக் குழப்பியது. வந்தவர்கள் எல்லாம் அதை வக்கீல் அங்கி என்று நினைத்தார்கள். யாரும் திருத்தவில்லை. அக்கா ஆரம்பத்தில் இரண்டு மூன்று பேரிடம் சொல்லிப் பார்த்தார், இன்னும் ஒரு பரீட்சை இருக்கிறது என்று. "ஆமா ஆமா, அது எழுதிடுவே," என்றுவிட்டு, வீட்டுக் கடன் பற்றியோ மருமகன் மேல் போட்ட போலீஸ் புகார் பற்றியோ கேட்பார்கள். பூசை முடிந்து வெளியே வந்தால் லாயரம்மா, சந்தையில் லாயரம்மா.

டத்தோ சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். படிப்பு முடிந்த மாதமே அலுவலகத்தில் மேசை கொடுத்தார். கீழ்த்தளத்தில், நகலெடுக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில். வீடு வாங்குவோர் விற்போர் ஒப்பந்தங்களைத் தயாரிக்கும் வேலை. பரீட்சையில் தேறியதும் தன்னிடமே சேம்பரிங் என்றார். அதையும் அவர் மனதாரத்தான் சொன்னார்.

அக்கா விடிந்ததும் கிளம்பி கிள்ளானுக்குப் போவார், இருட்டிய பிறகு வருவார். பரீட்சை வகுப்பு சனி, ஞாயிறு. முதல் முறை இரண்டு தாள் போயிற்று. இரண்டாம் முறை ஒரே ஒரு தாள். ஒரு தாள் போனால் அதை மட்டும் மறுபடி எழுதலாம். அதுவும் போனால் ஐந்தையும் தொடக்கத்திலிருந்து எழுத வேண்டும். அந்த ஒரு தாளை மறுபடி எழுதும் பரீட்சைக்கு முந்தின வாரம் அலுவலகத்தில் ஒரு வீடமைப்புத் திட்டத்தின் வேலை குவிந்தது. டத்தோ விடுப்பு இல்லை என்று சொல்லவில்லை. "இந்த வாரம் மட்டும் கொஞ்சம் பாத்துக்கம்மா," என்றார். அக்கா பார்த்துக்கொண்டார். தாள் போயிற்று.

ஒவ்வொரு முறை தேறாமல் வரும்போதும் டத்தோ சம்பளத்தை உயர்த்தினார். ஆறுதலுக்காகச் செய்தார் என்று நினைக்கிறேன். வேலை தெரிந்த ஆள் போய்விடக் கூடாது என்பதும் இருந்திருக்கும். கடைசியில் அந்தச் சம்பளம் எப்படி ஆகிவிட்டது என்றால், தேறிச் சேம்பரிங் போனால் கைக்கு வருவது பாதியாகக் குறையும். அங்கிளுக்கு முதுகு வலி தொடங்கியிருந்தது, வீட்டுக் கூரை மாற்றியிருந்தார்கள். அக்கா இதைப் பற்றி என்னிடம் குறையாக எதுவும் சொன்னதில்லை. ஒரு முறை மட்டும், "நல்லவங்ககிட்ட மாட்டிக்கிட்டா சண்டை போட முடியாதுல்ல," என்றார்.

காப்ரியல் அங்கிள் இதையெல்லாம் எப்படிப் புரிந்துகொண்டார் என்று நான் வெகுநாள் யோசித்ததுண்டு. பரீட்சை தேறவில்லை என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் மகள் லாயர்தான். ஒரு நாள் என் அப்பாவிடம் அவரே அதை விளக்கினார். தோட்டத்து மருந்தகத்தில் டிரெசர் இருந்தாரே, அவர் டாக்டரா? இல்லை. ஊசி போடவில்லையா, பிரசவம் பார்க்கவில்லையா, அவரை டாக்டர் ஐயா என்று கூப்பிடவில்லையா? பெரிய வியாதி வந்தால்தான் பெரிய ஆஸ்பத்திரி. அதுபோல, அந்தப் பரீட்சை எல்லாம் பெரிய கோர்ட்டுக்கு. சின்ன கோர்ட்டுக்கு என் பிள்ளை போதும். என் அப்பா தலையாட்டினார். அவரும் தோட்டத்தில் பிறந்தவர்தானே.

போன வருடம் அங்கிளின் லோரியிலிருந்து செம்பனைக் குலை ஒன்று சாலையில் விழுந்தது. மேலே போட்ட வலை ஒரு பக்கம் அவிழ்ந்திருந்தது. பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்தவர் அதில் ஏறி விழுந்து கையை உடைத்துக்கொண்டார். கவனக்குறைவாக ஓட்டியதாக வழக்கு. அபராதம் கட்டிவிடலாம், லைசென்ஸ் போனால் வேலை போய்விடும். அக்கா டத்தோவிடம் கேட்டு, அலுவலகத்தில் இருந்த அழகேசன் என்ற வழக்கறிஞரை ஏற்பாடு செய்தார். விசாரணை நாளன்று அவருக்குக் காலையில் கிள்ளானில் வேறு ஒரு வழக்கு, முடித்துவிட்டு வருவதாகச் சொன்னார். பேரைக் கூப்பிட்டால், வக்கீல் வந்துகொண்டிருக்கிறார், கொஞ்சம் நேரம் வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள் என்று அக்கா அப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்தார். என் காரில்தான் போனோம். வழியெல்லாம் அக்கா அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அங்கிள் ஜன்னல் வழியாகத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். பூசைக்குப் போடுகிற வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்.

கோல சிலாங்கூர் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் அன்று கூட்டம். நாங்கள் பின் வரிசையில் உட்கார்ந்தோம். அக்கா வேலைக்குப் போடுகிற கறுப்புப் பாவாடையும் வெள்ளைச் சட்டையும் அணிந்திருந்தார், மடியில் கோப்பு. மாஜிஸ்திரேட் ஓர் இளம் பெண், அக்காவின் வயதுதான் இருக்கும். அங்கிளின் பேரைக் கூப்பிட்டார்கள். கூண்டில் போய் நின்றார். குற்றச்சாட்டை வாசித்தார்கள். வழக்கறிஞர் இருக்கிறாரா என்று மாஜிஸ்திரேட் மலாயில் கேட்டார்.

அங்கிள் நிமிர்ந்தார். அவ்வளவு நேரம் குனிந்திருந்தவர் அந்தக் கேள்விக்குத்தான் நிமிர்ந்தார்.

"அடா, புவான்," என்றார். இருக்கிறார் அம்மா என்று. பிறகு கையைப் பின் வரிசைக்கு நீட்டினார். "அனாக் சாயா. லாயர்." என் மகள்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மாஜிஸ்திரேட் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்தது, நல்ல சிரிப்பு. முன்னால் வரும்படி மரியாதையாகச் சொன்னார். எந்த நிறுவனம், ஏன் கறுப்புக் கோட்டு இல்லை என்று கேட்டார். அக்கா எழுந்தார். நான் அவர் கையைப் பார்த்தேன், கோப்பை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்திருந்தார். முன்னால் போகவில்லை, இருந்த இடத்திலேயே நின்றார்.

"புக்கான், புவான்," என்றார். இல்லை. "சாயா கெரானி." நான் குமாஸ்தா.

அவ்வளவு சுத்தமான மலாய், அவ்வளவு தெளிவான குரல். அந்த மண்டபத்தில் அவர் பேசியது அந்த இரண்டு வரிதான். வழக்கறிஞர் வந்துகொண்டிருப்பதை முறைப்படி சொல்லக்கூட அவருக்கு உரிமை இல்லை. அதை நீதிமன்ற ஊழியர் ஒருவர் கேட்டுத் தெரிந்துகொண்டு மாஜிஸ்திரேட்டிடம் சொன்னார். மாஜிஸ்திரேட் நன்றி சொல்லி அக்காவை உட்காரச் சொன்னார். கேலி எதுவும் இல்லை. வழக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். அங்கிள் கூண்டிலிருந்து இறங்கும்போது படியைப் பார்க்காமல் கால் வைத்தார், காவலர் பிடித்துக்கொண்டார்.

அழகேசன் வந்தார். சில நிமிடம் பேசினார். அங்கிள் குற்றத்தை ஒப்புக்கொண்டார், அபராதம் போட்டார்கள், லைசென்ஸ் பிழைத்தது. அழகேசன் அக்காவின் தோளைத் தட்டி, கோப்பை நன்றாகத் தயார் செய்திருந்தாய் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெளியே கார் நிறுத்துமிடத்தில் அங்கிள் நின்றார். வெயில். நான் கதவைத் திறந்துவிட்டும் அவர் ஏறவில்லை.

"அந்த யூனிவர்சிட்டி கிடைச்சப்போ நீ ஏன் அடம் பிடிக்கல?" என்றார்.

"பிடிச்சேன்பா," என்றார் அக்கா.

"எப்போ?"

"மூணு நாளு."

அங்கிள் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், நெற்றியைச் சுருக்கி. "எனக்கு ஞாபகமே இல்லையே," என்றார். பிறகு, "சொல்லியிருக்கணும்லா. வாயத் தொறந்து சொல்லியிருக்கணும். லாயருக்குப் படிச்ச பிள்ளதானே," என்றார். கோபமாகச் சொன்னாரா, அழுகையாகச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அக்கா சுற்றிப் போய் முன் இருக்கையில் ஏறிக்கொண்டார். ஆண்ட்டி மீன் வாங்கி வரச் சொல்லியிருந்தார் என்று பாசார் பக்கத்தில் நிறுத்தச் சொன்னார் அங்கிள். இறங்கிப் போய் வெகுநேரம் பேரம் பேசினார்.

அதற்கு அடுத்த ஞாயிறு, பூசை முடிந்து வெளியே நின்றோம். பழைய தோட்டத்தில் கங்காணி வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த மேரி நாகமணி என்ற ஆண்ட்டி ஒரு பிளாஸ்டிக் உறையோடு வந்தார். வீட்டுப் பத்திரத்தில் செத்துப்போன கணவர் பேரே இருக்கிறது, அதை மாற்ற வேண்டும். "நம்ம லாயரம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு," என்று சிரித்துக்கொண்டே உறையைத் திறந்தார்.

அக்கா கை நீட்டினார். பத்திரம் மாற்றுவது அவர் தினமும் செய்கிற வேலை.

"இல்லம்மா," என்றார் அங்கிள், இடையில் வந்து. "அவ லாயர் இல்ல. ஆபீஸ்ல கெரானி வேலை பாக்குறா. நீங்க பெரிய லாயரா பாருங்க."

நாகமணி ஆண்ட்டி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்படியா," என்று சொல்லி உறையை மூடிக்கொண்டார். அக்காவின் கை நீட்டியபடியே கொஞ்ச நேரம் இருந்தது, பிறகு தலையில் போட்டிருந்த முக்காட்டைச் சரிசெய்துகொண்டது. இத்தனை வருடம் அவர் அப்பா வாயிலிருந்து வர வேண்டும் என்று காத்திருந்த வாக்கியம் அது. வந்தபோது ஊர் நடுவில், வெயிலில் வந்தது. நீதிமன்றத்தில் நின்றபோதுகூட அக்காவின் முகம் அப்படி ஆகவில்லை.

அந்தப் பரீட்சையை இத்தனை முறைதான் எழுதலாம் என்று கணக்கு உண்டு, அக்காவுக்கு இன்னும் ஒரு வாய்ப்பு இருந்தது. அந்த வருடம் பதிவு திறந்தபோது நான் நினைவுபடுத்தினேன். பார்க்கலாம் என்றார். பதிவு மூடும் நாள் வேலை நாளாக இருந்தது. அக்கா வழக்கம்போல விடிந்ததும் கிளம்பிப் போனார், இருட்டிய பிறகு வந்தார், தட்டைக் கழுவி வைத்தார். வீட்டில் யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.